காயலான் கடை நாற்காலி சொன்ன பாடம்



உங்கள் ஊர்க் கடைத்தெருவின் ஏதாவது ஒரு மூலையில் காயலான் கடை ஒன்று இருக்கும். வளைந்த மிதிவண்டிச் சக்கரம், கைப்பிடி போன வாளி, பழைய சன்னல் கம்பி ஆகியவற்றுக்கு நடுவே கால் ஆடும் நாற்காலி ஒன்றையும் அங்கே பார்த்திருப்பீர்கள். பிரம்பு இருக்கை கிழிந்து தொங்கும். வாங்க ஆள் இல்லாவிட்டால் ஒரு நாள் அது அடுப்புக்குப் போய்ச் சேரும்.

அப்படிப்பட்ட நாற்காலி ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் நானூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன். கைவிரலால் தட்டிப் பார்த்தேன், கணீரென்று ஒலித்தது. நல்ல தேக்கு. பின்கால்கள் இரண்டும் ஆடின, அவ்வளவுதான் குறை. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு ஒரு நாற்காலியைச் சரிசெய்வது பெரிய காரியமா என்ன? நான்கு அங்குல ஆணிகள் எட்டு வாங்கினேன். கால்களின் வெளிப்புறத்திலிருந்து சட்டத்துக்குள் இறங்கும்படி அடித்தேன். ஆட்டம் நின்றது. பழைய புடைவையை மடித்து இருக்கையில் போட்டு, கூடத்தில் வைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து, ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் காலை, என் தாயார் அரிசி புடைப்பதற்காக அதில் உட்கார்ந்தார். "இது ஆடுதே அம்மா, வேறே நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று என் மகள் சொன்னாளாம். "உங்க அப்பா சரிபண்ணினதுதானே" என்று சொல்லிச் சாய்ந்திருக்கிறார். பின்கால் ஒன்று பிளந்து கழன்றது. அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

உடைந்த நாற்காலியை எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் தச்சரிடம் காட்டினேன். எழுபது வயதுப் பெரியவர். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சார், நோவு மரத்திலே இல்லே, மூட்டிலே. மூட்டுக்கு வைத்தியம் பார்க்காம மரத்துக்கு ஆணி குத்தினா எப்படி?"

அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ள இயற்பியலைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம். வகுப்பில் நான் ஆண்டுதோறும் கற்பிக்கும் பாடங்கள்தாம் அவை. ஆனால், சுத்தியலைக் கையில் எடுத்தபோது அவற்றில் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முக்காலியும் நாற்காலியும்

நம் மொழியில் இருக்கைகளின் பெயரிலேயே ஒரு வடிவகணிதம் ஒளிந்திருக்கிறது. மூன்று கால் உடையது முக்காலி. நான்கு கால் உடையது நாற்காலி. மேடுபள்ளமான தரையிலும் முக்காலி ஆடுவதில்லை; நாற்காலி ஆடுகிறது. ஏன்?

ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் வழியே ஒரு தளம் எப்போதும் செல்லும். ஆகவே முக்காலியின் மூன்று கால்களும் எப்படியும் தரையைத் தொட்டுவிடும். நான்காவது புள்ளி அதே தளத்தில் அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கால் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும், தரையில் சிறு பள்ளம் இருந்தாலும் நாற்காலி ஆடத் தொடங்கும்.

அப்படியானால் எல்லா இருக்கைகளையும் முக்காலிகளாகவே செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருக்கையின் மையத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் கால்கள் ஊன்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கால்களின் அடிகளைக் கோடுகளால் இணைத்தால் நாற்காலிக்குச் சதுரமும் முக்காலிக்குச் சமபக்க முக்கோணமும் கிடைக்கும். மையத்திலிருந்து சதுரத்தின் பக்கம் 21 செ.மீ. தூரத்தில் இருக்கும், முக்கோணத்தின் பக்கமோ 15 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். உட்கார்ந்திருப்பவருடைய ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு இந்த எல்லையைத் தாண்டினால் இருக்கை கவிழும். ஆகவே முக்காலி ஆடாது, ஆனால் எளிதில் கவிழும்; நாற்காலி எளிதில் கவிழாது, ஆனால் ஆடும்.

உங்கள் வீட்டு நாற்காலி ஆடினால் குற்றம் நாற்காலியினுடையதா, தரையினுடையதா? எளிய சோதனை ஒன்று உண்டு. எந்தக் கால் தூக்கி நிற்கிறது என்று பார்த்து, அதில் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளம் இடுங்கள். பிறகு நாற்காலியை அதே இடத்தில் கால்வட்டம் திருப்பி வையுங்கள். அடையாளமிட்ட கால், அல்லது அதற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள கால் தூக்கினால் குற்றம் நாற்காலியில். தரையில் அதே இடத்துக்கு வந்த வேறு கால் தூக்கினால் குற்றம் தரையில்.

குற்றம் நாற்காலியில் என்று தெரிந்ததும் பலர் ரம்பத்தை எடுத்து நெட்டையான காலை அறுப்பார்கள். பிறகு மற்றொன்றை அறுப்பார்கள். நாற்காலி குட்டையாகிக்கொண்டே போகும், ஆட்டம் நிற்காது. அதற்குப் பதிலாக, தூக்கி நிற்கும் காலின் அடியில் பழைய அஞ்சலட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுங்கள். ஆட்டம் நின்றதும் அந்த அடுக்கின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். தேய்ந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து நான்கு கால்களுக்கும் ஒரே கனத்தில் வில்லைகளை வெட்டுங்கள். அவற்றை ஒட்டும்போது, குட்டைக் காலுக்கு மட்டும் நீங்கள் அளந்த கனத்தில் ஒரு துண்டைக் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள்.

ரப்பரைப் பயன்படுத்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு. நான்கு கால்களும் சற்றும் நசுங்காதவையாக இருந்தால், மிகச்சிறு வேறுபாடு இருந்தாலும் சுமை முழுவதும் மூன்று கால்களின் மேலேயே நிற்கும். ரப்பர் சிறிது நசுங்கிக் கொடுப்பதால் நான்காவது காலும் தன் பங்கைத் தாங்குகிறது.

ஆனால், கால்களின் நீளம் சரியாக இருந்தும் நாற்காலி ஆடினால்? என் நாற்காலியின் நோய் அதுதான். இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கால்கள் தரையிலேயே நிற்க, மேற்பகுதி மட்டும் சாய்ந்து சாய்ந்து மீண்டால் மூட்டுகள் தளர்ந்துவிட்டன என்று பொருள்.

செவ்வகம் சாயும், முக்கோணம் சாயாது

பழைய காலண்டர் அட்டையிலிருந்து ஒரே நீளமுள்ள நான்கு பட்டைகளை வெட்டி, முனைகளைக் குண்டூசியால் இணைத்துச் சதுரமாக்குங்கள். மேல்பட்டையை விரலால் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். பட்டைகளின் நீளம் மாறவில்லை. கோணங்கள் மட்டுமே மாறின. இப்போது ஐந்தாவது பட்டை ஒன்றை மூலைவிட்டமாக வைத்து ஊசி குத்துங்கள். இனித் தள்ளினாலும் அசையாது.

காரணத்தை நீங்கள் கணித வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் ஒரே ஒரு வடிவ முக்கோணத்தைத்தான் வரைய முடியும். நான்கு பக்கங்களின் நீளம் தெரிந்தால் எண்ணற்ற நாற்கரங்களை வரையலாம். முக்கோணம் தன் பக்கங்களாலேயே உறுதி பெறுகிறது. செவ்வகமோ தன் உறுதிக்கு மூலைகளை நம்பியிருக்கிறது.

நாற்காலியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்கால், பின்கால், இருக்கைச் சட்டம், தரை ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு செவ்வகம்! அதன் உறுதி முழுவதும் மூட்டுகளைச் சார்ந்தது. மூட்டு தளர்ந்துவிட்டால் எவ்வளவு உயர்ந்த தேக்காக இருந்தாலும் பயன் இல்லை.

சாயும்போது நடப்பது

மூட்டு ஏன் தளர்கிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

நீங்கள் நாற்காலியின் முதுகுப்பலகையில் சாய்கிறீர்கள். இருக்கைச் சட்டத்துக்கு 40 செ.மீ. மேலே, 200 நியூட்டன் விசையுடன் அதைப் பின்னோக்கித் தள்ளுகிறீர்கள் என்று கொள்வோம். இது ஏறத்தாழ 20 கிலோகிராம் எடைக்குச் சமம். இதன் திருப்புத்திறன் 200 × 0.4 = 80 நியூட்டன்-மீட்டர். இடம், வலம் என்று பின்கால் மூட்டுகள் இரண்டு இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 40 நியூட்டன்-மீட்டர்.

இதை மூட்டு எப்படித் தாங்குகிறது? இருக்கைச் சட்டத்தின் முனையைத் தச்சர் ஒரு நாக்குப்போலச் செதுக்கி, காலில் வெட்டிய துளைக்குள் செருகியிருப்பார். அந்த நாக்கின் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் இடையே 4 செ.மீ. தூரம்தான் இருக்கும். ஆகவே அங்கே எழும் விசை 40 ÷ 0.04 = 1,000 நியூட்டன். அதாவது நூறு கிலோகிராம் எடை! நீங்கள் தள்ளியது இருபது கிலோ. ஒவ்வொரு மூட்டும் தாங்கியது நூறு கிலோ. கடப்பாரையால் பாறையைப் பெயர்க்கும் அதே நெம்புகோல் தத்துவம் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. பின்கால்கள் இரண்டில் மட்டும் நின்று ஊசலாடும் பழக்கம் உங்களில் சிலருக்கு உண்டு அல்லவா? அப்போது மூட்டின் பாடு இதைவிடப் பரிதாபம்.

இந்தக் கணக்கிலேயே பரிகாரமும் இருக்கிறது. மேலே எழும் விசையைக் குறைக்க வேண்டுமானால் 4 செ.மீ. என்ற தூரத்தைக் கூட்ட வேண்டும். இருக்கைச் சட்டமும் காலும் சேரும் மூலையின் கீழே, 10 செ.மீ. பக்கமுள்ள முக்கோணக் கட்டை ஒன்றைப் பொருத்தினால், தாங்கும் தூரம் 10 செ.மீ. ஆகிறது. விசை 400 நியூட்டனாகக் குறைகிறது. உடைந்த கட்டிலின் சட்டம் ஒன்று கிடைத்தால் இத்தகைய கட்டைகள் நான்கை அறுத்துக்கொள்ளலாம். சில நாற்காலிகளில் கால்களைக் கீழேயும் ஒரு குறுக்குக்கட்டையால் இணைத்திருப்பார்கள். அதன் வேலையும் இதுவே: ஒரே மூட்டின் மேல் விழும் பாரத்தைப் பல மூட்டுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. கால் வைத்துக்கொள்வதற்கு மட்டும் என்று நினைத்து அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

மழையில் பருக்கும் மரம்

என் ஆணிகள் ஏன் தோற்றன? கோடையில் உறுதியாக இருந்த நாற்காலி, மழைக்காலத்தில் ஏன் பிளந்தது?

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. ஒரு கட்டுத் துடைப்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காற்றில் ஈரம் மிகும்போது குழாய்ச் சுவர்கள் நீரை ஈர்த்துப் பருக்கின்றன. வறண்ட காலத்தில் சுருங்குகின்றன. ஆனால் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் அல்ல. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது இழையின் நீளவாக்கில் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான் சுருங்கும். இழைக்குக் குறுக்கே, ஆண்டு வளையங்களின் திசையில், மரத்துக்கு ஏற்ப 5 முதல் 10 சதவீதம்வரை சுருங்கும். தேக்கு இதில் மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் ஒன்று. தச்சர்கள் அதைப் போற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீட்டு நாற்காலி பச்சை மரம் அல்ல. கோடையில் அதன் ஈரப்பதம் 10 சதவீதமும் மழைக்காலத்தில் 15 சதவீதமும் என்று கொள்வோம். பச்சை மரத்தில் சுருக்கம் தொடங்குவது ஏறத்தாழ 30 சதவீத ஈரப்பதத்தில். அதனோடு ஒப்பிட்டால் இது ஆறில் ஒரு பங்கு மாற்றம். முழுச் சுருக்கம் 6 சதவீதம் உள்ள மரத்தில், 5 செ.மீ. அகலமுள்ள நாக்கு அரை மில்லிமீட்டர் பருக்கும். துளை வெட்டப்பட்ட காலோ தன் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மூட்டில் இரு மரங்களின் இழைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் நாக்கு பருத்துத் துளையின் சுவரில் நசுங்குகிறது. கோடையில் சுருங்கும்போது, நசுங்கிய அளவுக்கு இடைவெளி விழுகிறது. ஆண்டுதோறும் இது நடந்தால் மூட்டு ஆடாமல் என்ன செய்யும்?

இரும்பாணி ஈரத்தில் பருக்காது. தன்னைச் சுற்றியுள்ள மரம் அசையும்போது அது அசையாமல் நிற்கிறது. அதனால் ஆணியின் துளை சிறிது சிறிதாக விரிகிறது. ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கவும் செய்கிறது. மேலும், நான் காலின் வழியாகச் சட்டத்தின் முனையில் அடித்தேன். அங்கே ஆணி இழைகளுக்கு இணையாக, துடைப்பக் கட்டில் செருகிய குச்சிபோல இறங்கியது. அதற்கு அங்கே பிடிமானம் குறைவு. காலிலோ அது இழைகளை இரண்டாகப் பிரிக்கும் ஆப்பாக வேலை செய்தது. எட்டு ஆணிகளால் நான் நாற்காலியைச் சேர்க்கவில்லை. பிளப்பதற்குக் கோடு போட்டுக் கொடுத்தேன்!

மிதிவண்டி ட்யூப் செய்யும் வேலை

பெரியவர் காட்டிய முறை இதுதான். தளர்ந்த மூட்டுகளை முதலில் முழுவதும் பிரிக்க வேண்டும். சுத்தியலால் நேரே அடிக்காமல், இடையே ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டவும். பழைய நாற்காலிகளில் பெரும்பாலும் வஜ்ஜிரம் என்ற விலங்குப் பசை இருக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் அது இளகும். பிறகு நாக்கிலும் துளையிலும் உள்ள பழைய பசையைச் சுரண்டி நீக்க வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் வெள்ளைப் பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்து உறைந்து பிடிக்கிறது. பழைய பசை அத்துளைகளை அடைத்துக்கொண்டிருந்தால் புதிய பசை எங்கே புகும்?

நாக்கு துளையில் தொளதொளவென்று இருந்தால், இழைப்புளி தள்ளிய மரச்சுருள்களை நாக்கின் மேல் ஒட்டிக் காயவைத்து, இறுக்கமாகப் பொருந்தும்வரை உப்புத்தாளால் தேய்க்கவும். பட்டறைகளில் குப்பையாகக் கிடக்கும் பொருள்தான் அது. பசையைக் கொண்டே இடைவெளியை நிரப்ப எண்ணாதீர்கள். கனமான பசைப் படலம் வலுவற்றது. மெல்லிய படலமும், இருபுறமும் நெருங்கிய மரமுமே வலிமை தரும்.

பசை தடவிச் சேர்த்ததும் மூட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தச்சரிடம் இரும்புப் பிடிகள் உண்டு, நம்மிடம் ஏது? பழைய மிதிவண்டி ட்யூப் போதும். அதை நீளவாக்கில் வெட்டிப் பட்டையாக்கி, இழுத்துப் பிடித்துக்கொண்டே நாற்காலியைச் சுற்றிக் கட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பட்டையின் இழுவிசை 50 நியூட்டன் என்று கொள்வோம். ஐந்து கிலோ பையைத் தூக்கும் விசை, அவ்வளவே. ஒரு சுற்றில் இரண்டு பக்கமும் ரப்பர் இழுக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு 100 நியூட்டன். பத்துச் சுற்று சுற்றினால் 1,000 நியூட்டன்! கயிற்றால் கட்டினால் மரம் சிறிது நெருங்கியதுமே கயிறு தளர்ந்துவிடும். நீண்ட ரப்பரோ, மரம் ஒரு மில்லிமீட்டர் நெருங்கிய பின்னும் ஏறத்தாழ அதே விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கும்.

கட்டிய உடனே, பசை உறைவதற்கு முன், நாற்காலி கோணலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நூலால் இருக்கைச் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். செவ்வகத்தில் மூலைவிட்டங்கள் சமம். முன்பக்கம் அகன்ற நாற்காலியானாலும், பக்கச் சட்டங்கள் சமமாக இருந்தால் மூலைவிட்டங்கள் சமமாகவே வரும். நீண்ட மூலைவிட்டத்தின் திசையில் மெல்ல அழுத்திச் சரிசெய்யுங்கள். பிறகு 24 மணி நேரம் அதைத் தொடாதீர்கள்.

பிளந்த காலையும் இதே முறையில் ஒட்டினோம். என் ஆணிகள் விட்டுச்சென்ற துளைகளில் மூங்கில் ஆணிகளைப் பசை தடவி இறக்கினார் பெரியவர். மூங்கில், மரத்தோடு சேர்ந்து ஈரத்தை ஏற்கும், துருப்பிடிக்காது.

இருக்கையை இறுகப் பின்னலாமா?

கிழிந்த பிரம்புக்குப் பதிலாக, எஞ்சிய ட்யூப் பட்டைகளையே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இருக்கை ஆக்கினோம். "முறுக்கேறிய தம்புரா நரம்புபோல இழுத்துக் கட்டிவிடுவோம்; அப்போதுதான் தொய்யாது" என்றேன் நான். பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் ஒரு கணக்கு உண்டு.

நீளவாக்கில் பத்து, குறுக்கே பத்து, மொத்தம் இருபது பட்டைகள். உட்காருபவரின் எடை 500 நியூட்டன். ஒரு பட்டைக்கு 25 நியூட்டன் பாரம், அது பட்டையின் நடுவில் விழுகிறது என்று கொள்வோம். பட்டையின் நீளம் 40 செ.மீ. நடுவில் 2 செ.மீ. மட்டும் தொய்கிறது என்றால், பட்டை கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணத்தின் சைன் மதிப்பு ஏறத்தாழ 0.1. இரு பக்கமும் இழுவிசை இருப்பதால், ஒரு பட்டையின் இழுவிசை 25 ÷ (2 × 0.1) = 125 நியூட்டன். பத்துப் பட்டைகள் சேர்ந்து ஒரு சட்டத்தை 1,250 நியூட்டன் விசையுடன் உள்நோக்கி வளைக்கும். 5 செ.மீ. தொய்ய விட்டால்? சைன் மதிப்பு 0.24 ஆகிறது. மொத்த விசை ஏறத்தாழ 520 நியூட்டன்தான். துணி உலர்த்தும் கொடியை மிக இறுக்கமாகக் கட்டினால் அறுந்துபோவதும் இதனால்தான். சிறிது தொய்யும் இருக்கை உட்காருவதற்கும் சுகம், மூட்டுகளுக்கும் சுகம்.

கவனம் தேவை

பழைய சாமானில் ஆபத்துகளும் உண்டு. அவற்றை அறியாமல் தொடக் கூடாது.

முதலாவது, பழைய வர்ணப்பூச்சு. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அதன் தூசி உடலுக்குள் சென்றால் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே வர்ணம் பூசிய பழைய நாற்காலியை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. நெருப்பால் பொசுக்கவும் கூடாது. பூச்சு உரிந்து உதிர்வதாக இருந்தால் அந்த நாற்காலியை வாங்காதிருப்பதே நலம். வர்ணம் பூசாத, வெறும் மரமாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, எண்ணெய்த் துணி. மெருகுக்காக ஆளிவிதை எண்ணெய் தடவினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து உறையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. சுருட்டிய துணியில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

மூன்றாவது, பூச்சி. மரத்தில் சிறு துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே துளைக்கும் பூச்சி வேலை செய்கிறது. விலை எவ்வளவு மலிவானாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

உளி, ரம்பம் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

மனிதருக்கு முன் தண்ணீர்

நான் செய்த பெரிய தவறு ஆணி அடித்தது அல்ல. சோதிக்காமல் கூடத்தில் வைத்ததுதான். பாலம் கட்டுபவர்கள் முதலில் மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்ப்பார்கள். நாற்காலிக்கும் அதே மரியாதை வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றின் எடை ஏறத்தாழ 20 கிலோ. இருக்கையின் மேல் ஒரு பலகையை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கேன்களை ஏற்றி, ஒவ்வொரு முறையும் மூட்டுகளைக் கவனியுங்கள். பிறகு கேன்களை இறக்கிவிட்டு, முதுகுப்பலகையில் கயிற்றைக் கட்டி ஒரு நீர் கேனின் எடைக்குப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். முன்கால்கள் எழும்பாதபடி ஒருவர் இருக்கையை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். சிறு முனகல் கேட்டாலும் மீண்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் மூட்டுகளை அசைத்துப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு பாடுபட வேண்டுமா, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். கடைசியாக ஒரு கணக்கு. என் நாற்காலியில் 7 கிலோ உலர்ந்த மரம் இருப்பதாகக் கொள்வோம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன், அதாவது 3.5 கிலோ. மரம் இதைக் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து எடுத்துச் சேர்த்தது. 12 கிராம் கார்பன் 44 கிராம் கார்பன் டைஆக்சைடைத் தரும். ஆகவே அந்த நாற்காலியை அடுப்பில் வைத்திருந்தால் ஏறத்தாழ 13 கிலோ கார்பன் டைஆக்சைடு அரை மணி நேரத்தில் காற்றுக்குத் திரும்பியிருக்கும். ஒரு தேக்கு பல பத்தாண்டுகள் வெயிலில் நின்று சேர்த்தது அது. அந்த மரத்தில் ஒரு குறையும் இல்லை. தளர்ந்தவை இரண்டு மூட்டுகள் மட்டுமே.

நாற்காலி இப்போது மறுபடியும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. தண்ணீர் கேன்களுக்குப் பிறகு முதலில் அதில் உட்கார்ந்தவன் நான். ஒரு மழைக்காலம் முழுவதும் நானே உட்கார்ந்தேன். அடுத்த தைப் பொங்கலன்று என் தாயார் அதைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தார்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வகுப்பில் ஆடும் நாற்காலி அல்லது பெஞ்சு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குற்றம் தரையிலா, காலிலா, மூட்டிலா என்று கண்டுபிடியுங்கள்.

2. காலண்டர் அட்டைச் சதுரத்தில், முழு மூலைவிட்டத்துக்குப் பதிலாக மூலைகளில் சிறு முக்கோணங்களை ஒட்டிப் பாருங்கள். எத்தனை மூலைகளில் ஒட்டினால் சதுரம் சாயாமல் நிற்கிறது?

3. மேலே கொடுத்த கணக்கில், இருக்கைப் பட்டை 1 செ.மீ. மட்டுமே தொய்ந்தால் பத்துப் பட்டைகளும் சேர்ந்து சட்டத்தை எவ்வளவு விசையுடன் இழுக்கும்?

4. ஒரு மரத்துண்டின் நீளத்தையும் அகலத்தையும் சித்திரையிலும் ஐப்பசியிலும் வெர்னியர் அளவியால் அளந்து குறித்து வையுங்கள். எது மாறியது, எது மாறவில்லை?